நாலாம் மாடி அன்ரியின் ஒரேயொரு கேள்வி

நாலாம் மாடி அன்ரியை நான் முதன்முதலில் சந்தித்தது லிப்டுக்குள். மூன்றாம் மாடியைத் தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரும் அன்று பழுது. இருபது நிமிடம் நானும் அவரும் இருட்டில் நின்றோம். வெள்ளவத்தையில் இரண்டு தமிழர் இரண்டு நிமிடம் பக்கத்தில் நின்றாலே ஊர், பேர், அப்பா என்ன வேலை, கலியாணம் ஆயிற்றா, ஆயிற்று என்றால் மாப்பிள்ளை எந்த நாட்டில் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். இருபது நிமிடத்தில் சாதகமே பார்த்து முடித்திருக்கலாம். இந்த மனுசி ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையைத் திறக்கும் சத்தம் வந்தது. பிறகு தோடம்பழத் தோலின், அதுதான் ஆரஞ்சுத் தோலின், வாசம் வந்தது.

"கைய நீட்டுங்க" என்றார். நீட்டினேன். உரித்த பாதிப் பழத்தைக் கையில் வைத்தார். சுளை சுளையாகத் தின்று முடிக்கவும் வெளிச்சம் வரவும் சரியாக இருந்தது. "கொட்டைய இதுல போடுங்க" என்று ஒரு கடதாசித் துண்டை விரித்தார். லிப்ட் நாலாம் மாடியில் நின்றதும் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் யார் என்று தெரிந்துகொள்ளக்கூட ஆசையில்லாத மனுசியும் உலகத்தில் உண்டா? பிறகு யோசித்துப் பார்த்தேன். கொழும்புக்கு வந்த நாலு நாளில், "அவர் எப்ப வாறார்?" என்று யாரும் என்னைக் கேட்காத முதல் இருபது நிமிடம் அதுதான்.

அவர் என்பது என் கணவர். கலியாணம் கட்டிக் கனடாவுக்குப் போய் எட்டே மாதத்தில் நான் திரும்பியிருந்தேன். போன மூன்றாவது கிழமையே தெரிந்துவிட்டது, அந்த ஆளுக்கு ஏற்கெனவே வேறொருத்தியோடு வீடும் வாழ்க்கையும் இருக்கிறது, தாயின் அழுகைக்காகத்தான் என்னைக் கட்டினார் என்று. வெட்கத்தில் மிச்ச மாதங்களை ஓட்டினேன். பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னது வேறு கதை. "அவருக்கு வேலை மாறுதம்மா. புது இடம் சரிவருமட்டும் உங்களோடை இருக்கச் சொன்னவர்." அம்மா அதைக் கேட்டுக்கொண்டார். கேட்டது மட்டுமல்ல, வெள்ளவத்தைக் காலி வீதியின் இரண்டு பக்கமும் பரப்பினார். மரக்கறிக்காரன், மருந்துக்கடைப் பெண், கோயிலில் பூமாலை விற்பவர் வரை எல்லாருக்கும் என் கணவர் வரப்போவது தெரிந்திருந்தது.

உண்மையைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அப்பா இல்லாத வீட்டில் அம்மா தனியாக ஓடித்திரிந்து நடத்திய கலியாணம் அது. மண்டபம் பிடித்ததிலிருந்து கூறைச் சேலைக்குப் பொருத்தமான காப்பு வாங்கியது வரை எல்லாம் அவரே. சொன்னால் உடைந்துபோவார் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று நாலு மாதம் போயிற்று. இடையில் நாடகம் வேறு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பல்கணியில் நின்று, அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம்... ஓம்... நீங்கள் சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கடலைப் பார்த்துக் கதைப்பேன். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான் அந்தப் பூனைதான்.

அன்ரி எங்களுக்கு நேர் கீழ் வீடு. அம்மாவுக்கு யாரையும் இரண்டு கேள்வியில் ஊர் பிடித்துவிடலாம் என்று ஒரு பெருமை. உச்சரிப்பை வைத்தே இன்ன குறிச்சி என்பார். அன்ரியைப் பற்றி நான் சொன்னதும், மறுநாளே வடைத் தட்டோடு கீழே இறங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்கடை ஊர் எவ்விடம்?"

"இங்கதான்."

"இங்கை எண்டால்?"

"கொட்டாஞ்சேன."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் நான் பொறக்கல்ல."

அம்மா சளைக்கவில்லை. "பிள்ளையள்?"

"ரெண்டு."

"எங்கை இருக்கினம்?"

"வெளியில."

"அவர்?"

"அந்தப் போட்டோவுல."

சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. அம்மா அதற்குமேல் ஒன்றும் கேட்க முடியாமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். படி ஏறும்போது பொருமித் தள்ளினார். "திருப்பி என்னட்டை ஒரு கேள்வி கேட்டவவோ பார்த்தியோ? நான் எவ்விடம் எண்டாவது கேட்க வேண்டாமோ? பெருமை பிடிச்ச மனுசி."

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களுக்குக் கேட்பதுதான் அன்பு. ஒருவர் குடையோடு வாசலில் நிற்பதைக் கண்டும் "எங்கை வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்காவிட்டால், ஏதோ மனஸ்தாபம் என்றுதான் அர்த்தம். நாலாம் மாடி அன்ரிக்கு வாக்கியங்கள் எல்லாம் முற்றுப்புள்ளியில்தான் முடியும். "மழ வரும்" என்பார். குடையைக் கையில் தருவார். "தேத்தண்ணி ஊத்தியிருக்கேன்" என்பார். வேணுமா என்று கேட்டு வாய் திறந்ததில்லை. ஊற்றி வைப்பார். குடிக்காவிட்டால் தானே எடுத்துக் குடிப்பார்.

இந்தப் பழக்கம் சில நேரம் அளவுக்கு மிஞ்சிப் போகும். செவ்வாய்க்கிழமைகளில் அவர் கொட்டாஞ்சேனையிலுள்ள கிறிஸ்தவக் கோயிலுக்குப் போவார். ஒரு செவ்வாய், காலி வீதியில் ஏதோ வேலை நடந்ததால் பஸ்களைக் கடற்கரைப் பக்க வீதியால் விட்டிருந்தார்கள். அன்ரி வந்த பஸ்ஸில் ஏறினார். எந்தப் பக்கம் போகிறது என்று கேட்கவில்லை. நேர் எதிர்த்திசையில், பாணந்துறையில் போய் இறங்கினார். பின்னேரம்தான் வீடு வந்து சேர்ந்தார்.

"கொண்டக்டரைக் கேட்டிருக்கலாமே அன்ரி?"

"அவன் பாவம், சனத்துக்குள்ள வேலையா இருந்தான்."

"அப்ப பாணந்துறையிலை என்ன செய்தனீங்கள்?"

"கடலப் பார்த்தேன். இங்க இருக்கிற அதே கடல்தான்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது. கனடாவிலிருந்து வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

ஆனால் மார்கழியில் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு கிழமை அன்ரியின் கதவு பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அம்மா ரசம் வைத்துக்கொண்டு ஓடினார். எனக்கு அந்தக் கதை அப்படியே நினைவிருக்கிறது.

"என்ன நடந்தது உங்களுக்கு?"

"ஒப்பரேசன்."

"என்ன ஒப்பரேசன்?"

"வயித்துல ஒரு கட்டி. எடுத்திட்டாங்க."

"நல்ல கட்டியோ, கெட்ட கட்டியோ?"

"கேக்கல்ல."

அம்மா என்னைப் பார்த்தார். நான் ரசக் கிண்ணத்தைப் பார்த்தேன். "டொக்டர் ஏதும் சொல்லேல்லையோ?" என்று அம்மா மெல்லக் கேட்டார். "கேட்டா சொல்லுவாரு. நான் கேக்கல்ல. மாசத்துக்கு ஒருக்கா வரச் சொன்னாரு. போறேன்" என்றார் அன்ரி. ரசத்தைச் சுடச்சுடக் குடித்தார். நல்லாயிருக்கு என்றார்.

"கேட்காமல் எப்பிடி நித்திரை வருது அந்த மனுசிக்கு?" என்று அம்மா வீட்டுக்கு வந்து கையைப் பிசைந்தார். எனக்கு அன்று அன்ரியில் ஒரு பயமே வந்தது. கேட்காமல் இருப்பது தங்கமான குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பதிலுக்குப் பயந்தும் ஒருவர் கேட்காமல் இருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

இனி ஒரு பான்கேக் விசயத்தைச் சொல்கிறேன். எங்கள் குசினி ஜன்னலுக்கு நேர் கீழே அன்ரியின் குசினி ஜன்னல். தை மாதம் ஒரு காலையில் தோடம்பழமும் வெண்ணெயும் சூடாகும் ஒரு வாசம் மேலே வந்தது. அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டுப்பட்டது. அன்ரி ஒரு தட்டை மூடிக்கொண்டு நின்றார். "மகன்ட பிறந்தநாள். அவன் இங்க இல்ல. சுட்டுட்டேன்" என்று தந்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் பான்கேக் என்றால் தேங்காய்ப்பூவும் பாணியும் உள்ளே வைத்துச் சுருட்டியதுதான். இது வேறு. கொஞ்சம் தடித்து, பஞ்சு போல, மேலே தோடம்பழச் சாற்றைச் சீனியோடு காய்ச்சிய பாணி. மாவுக்குள்ளும் தோடம்பழத் தோலைத் துருவிப் போட்டிருந்தார். கடைசியில் ஒரு தேசிக்காய்ப் புளிப்பு நாக்கில் தட்டியது. இங்கிலீஸ் சாப்பாடு என்றாலே முகத்தைச் சுளிக்கும் அம்மா மூன்று சாப்பிட்டார். "தோசையும் இல்லை, கேக்கும் இல்லை. ஆனால் என்ன வாசமடி!" என்றார். புட்டு நீத்துப்பெட்டியிலேயே கிடந்தது.

வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா நாலு முறுக்கை வைத்து என்னைக் கீழே அனுப்பினார். அன்ரி மேசையில் இன்னும் தோல் துருவிக்கொண்டிருந்தார். பச்சைத் தோல் நாட்டுத் தோடம்பழம். அவருக்கு அதுதான் வேண்டும். கடையில் பளபளக்கும் வெளிநாட்டுப் பழத்தில் மெழுகு பூசியிருக்கிறது என்பார். நான் தட்டை வைத்தேன். திரும்பிப் போக நினைத்தவள் போகவில்லை. என்னை அறியாமலே வாய் சொன்னது. "அவர் வரமாட்டார் அன்ரி. நான் விட்டிட்டு வந்திட்டன்."

அன்ரியின் கை நிற்கவில்லை. "வெள்ளத் தோல் படக்கூடாது. கசந்திடும்" என்றார். துருவியையும் இன்னொரு பழத்தையும் என் பக்கம் தள்ளினார்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. உலகத்தில் முதன்முதலாக ஒருவரிடம் நான் வாய் திறக்கிறேன், இந்த மனுசி தோலைப் பற்றிக் கதைக்கிறார். ஆனாலும் துருவினேன். துருவத் துருவ ஒவ்வொன்றாக வந்தது. மற்றப் பெண்ணின் சப்பாத்து வீட்டு வாசலில் கிடந்தது, மாமியார் போனில் அழுதது, நான் அந்த நிலக்கீழ் அறையில் ஜன்னல் வழியே பனியில் நடக்கிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தது எல்லாம் சொன்னேன். நாலு பழம் மொட்டையாயிற்று. முடித்து மூக்கைத் துடைத்தபோது அன்ரி என் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். "சீனி கொஞ்சம் கூடப் போட்டிருக்கேன்" என்றார். ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. ஐயோ பாவம் என்றுகூடச் சொல்லவில்லை.

கல் மனசு என்று ஒரு கிழமை நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதையும் ஏன் என்று கேட்கவில்லை. எட்டாம் நாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். அந்தக் கட்டடத்தில் காவலாளி தொடக்கம் மேல்மாடி லோயர் வரை எல்லாருடைய கதையும் அவரிடம் இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வாயைக் கிண்டுகிறவரிடம் நாம் மூடிக்கொள்கிறோம். கிண்டாதவரிடம் கொட்டிவிடுகிறோம். அன்ரியிடம் போன கதை எதுவும் இன்னொரு மாடிக்கு ஏறியதில்லை.

இப்போது அன்ரி அந்த வீட்டில் இல்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றும் லிப்டுக்குள்தான் சந்தித்தோம். "நாளைக்குப் போறேன்" என்றார். எந்த நாட்டுக்கு, எத்தனை நாளைக்கு, அந்தக் கட்டி என்னவாயிற்று என்றெல்லாம் நெஞ்சுக்குள் வந்தது. நானும் அவரைப் போலவே இருந்துவிட வேண்டும் என்று நினைத்து ஒன்றும் கேட்காமல் நின்றேன். அது நான் விட்ட பிழை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யாரையும் கேட்காதவரை யாராவது கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் எனக்கு அது உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

என்னிடம் அவர் கேட்ட ஒரேயொரு கேள்வி, நான் அவரிடம் எல்லாம் சொன்ன அந்தத் தைக்கு அடுத்த மாசியில் வந்தது. அம்மாவுக்கு அறுபது வயது. பிறந்தநாள் வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, விருந்துக்கு வருவதாக இருந்தது. பெரியம்மாவின் மகள் கனடாவில், என் கணவரின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பெரியம்மா வந்தால் கதையும் வரும். சாப்பாட்டு மேசையில் நாலு பேருக்கு முன்னால், அம்மா அதைத் தன் அக்காவின் வாயால் கேட்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நான் சொல்லியே ஆகவேண்டும்.

பிறந்தநாள் காலையில் அம்மாவுக்குத் தோடம்பழப் பான்கேக் சுட்டுக் கொடுத்து, நல்ல மனதாக இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். முதல் நாள் அன்ரியிடம் போய், "காலமை அம்மா கோயிலுக்குப் போவா. நீங்கள் ஒருக்கால் மேலை வருவீங்களோ? அம்மாவுக்கு அதைச் சொல்லவும் வேணும்" என்றேன். "வாறேன்" என்றார்.

அம்மா விடியவே குளித்து, அரக்குக் கரைச் சேலை கட்டிக் கோயிலுக்குப் போனார். நான் குசினிக்குள் புகுந்தேன். கோதம்பமாவை அரித்தேன். மூன்று முட்டையை உடைத்து ஊற்றி அடித்தேன். மேசையில் கொஞ்சம் சிந்தியது. கதவு தட்டுப்பட்டது. அன்ரி ஒரு சட்டியைத் தட்டால் மூடிக்கொண்டு வந்தார். மேசையில் கிடந்த முட்டைக் கோதுகளைப் பார்த்தார்.

"நான் முட்ட போடாமக் கரைச்சிருக்கேன். சட்டியும் புதுசு, மச்ச மாமிசம் பட்டதில்ல. இன்னைக்கு வெள்ளிக்கிழம" என்றார்.

தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையில் எங்கள் வீட்டில் முட்டை வாசம் வந்ததில்லை. அம்மா வெள்ளிக்கிழமை முட்டை விற்கும் கடைக்குள்ளேயே போகமாட்டார். கனடாவில் அந்த எட்டு மாதம் எனக்குக் கிழமையே இல்லாமல் செய்துவிட்டது. அதுவும் அறுபதாவது பிறந்தநாளில், சாமி கும்பிட்டு வரும் மனுசியின் குசினியில்! சொல்லப்போகும் செய்தி ஒரு பக்கம், இந்தக் கூத்து மறுபக்கம். நான் அழுதேவிட்டேன்.

அன்ரி அழுகையைக் கவனிக்கவில்லை. கோதுகளைப் பேப்பரில் சுற்றினார். நான் கரைத்த மா, பாத்திரம், கரண்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கீழே போய்த் தன் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். தேசிக்காயைப் பாதியாக வெட்டி, அதை உப்பில் தொட்டு மேசை முழுவதும் தேய்த்தார். முட்டை வெடில் போயிற்று. நிலத்தையும் துடைத்தார். ஞாயிறு தவறாமல் மாட்டிறைச்சி சமைக்கும் அன்ரி, எங்கள் சைவக் குசினியை ஐயரை விடவும் சுத்தம் செய்தார். பிறகு கையைக் கழுவி, அம்மாவின் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார்.

அவர் கொண்டுவந்த சட்டியில் மா, சீனி, உப்பு, துருவிய தோல், பால் கலந்திருந்தது. "முட்ட இல்லாட்டி அப்பச்சோடாதான் தூக்கணும். தோடம்பழச் சாறு பட்டாத்தான் சோடா பொங்கும். பொங்கின உடனே சுடணும், வச்சா அமுங்கிடும்" என்றார். நான் அன்ரியிடம் கேட்ட மிக நீண்ட பேச்சு அதுதான். ஒரு கையில் சோடாக் கரண்டி, மறு கையில் சாற்றுக் கிளாஸ். ஊற்றப்போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டுச் சாப்பிடுறதா, சாப்பிட்டிட்டுச் சொல்லுறதா?"

அவர் கேட்கிறார்! இந்த வாயிலிருந்து ஒரு கேள்வி! அதுவும் என்ன கேள்வி? ஏன் விட்டாய் என்றில்லை, இனி என்ன செய்யப்போகிறாய் என்றில்லை. மா எப்போது பொங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவேண்டும். நான் சொல்வேனா மாட்டேனா என்ற சந்தேகமே அவரிடம் இல்லை. சொல்லத்தான் போகிறேன், முன்னுக்கா பின்னுக்கா என்பதுதான் மிச்சம். நாலு மாதமாக மலை போல நின்ற விசயம் ஒரு நொடியில் குசினி வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

நல்லாகச் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வதுதான் என் திட்டம். ஆனால் வாயில் வந்தது வேறு. "சொல்லிப்போட்டு" என்றேன்.

அன்ரி கிளாஸைக் கீழே வைத்தார். அடுப்பை அணைத்தார்.

அம்மா வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு. சாமித்தட்டில் பூவை வைத்துவிட்டு ஹோலில் வந்து இருந்தார். நான் அவருக்கு முன்னால் போய் நிலத்தில் இருந்தேன். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, அவருக்கு வேலை மாறுதெண்டு சொன்னது பொய். அவரை விட்டிட்டு வந்திட்டன். அவருக்கு அங்கை வேறை ஆள் இருக்கு. முந்தியே இருந்தது. நான் இனிப் போகமாட்டன்."

குசினியில் குழாய்த் தண்ணீர் பெரிதாகத் திறபட்டது. எங்கள் கதை தன் காதில் விழாமல் இருக்க அன்ரி செய்த ஏற்பாடு.

அம்மா என் தலைக்கு மேலால் எங்கோ பார்த்தார். "தண்ணி சும்மா ஓடுது" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"மத்தியானம் ஒண்டரைக்கு நீ பல்கணியிலை நிண்டு கதைப்பாய். அங்கை அப்ப விடிய மூண்டு மணி. எந்தப் புருசன் விடிய மூண்டு மணிக்கு எழும்பிச் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லுவான்? உன்ரை போன் நாலு மாதமா ஒருக்கால் அடிக்கேல்லை. எனக்குக் காது கேட்காதோ?"

இவ்வளவு நாளும் எனக்குத் தோன்றாத ஒன்று அப்போதுதான் தோன்றியது. வெள்ளவத்தை முழுவதையும் கேள்வியால் துளைத்த என் அம்மா, நாலு மாதத்தில் என்னிடம் அந்த ஆளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

"தெரிஞ்சும் ஏன் அம்மா கேட்கேல்லை?"

"கேட்டால் நீ சொல்லிப்போடுவாய் எண்டுதான்" என்றார் அம்மா. சொன்னதும் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நான் அவருடைய மடியில் தலையை வைத்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் நன்றாக அழுதோம். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பெல்லாம் இலேசாகிப் போனது. அம்மா உடையவில்லை. மூச்சு விட்டுக்கொண்டு, என் தலையைத் தடவிக்கொண்டு, முழுதாக அங்கேயே இருந்தார். இதற்காகவா நாலு மாதம் பயந்தேன் என்று இருந்தது.

பிறகு கேள்விகள் வந்தன. அணை உடைந்த மாதிரி வந்தன. "குளிருக்குச் சப்பாத்தாவது வாங்கித் தந்தவனோ?" "ஆர் சமைச்சது, நீயோ அவளோ?" "கை கால் நீட்டினவனோ? உண்மையைச் சொல்லு." "பிளேன் டிக்கட் ஆர் போட்டது?" "தாலிக்கொடி எங்கை?" பெட்டிக்குள் உடுப்புக்குக் கீழே கிடக்கிறது என்றேன். "அடியடி, நாலு மாதமாப் பூட்டாத பெட்டிக்குள்ளையோ?" என்று அம்மா தலையில் அடித்தார். கனடாவை விட்டு வந்ததை விட அதுதான் பெரிய குற்றம் போலிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் நான் பதில் சொன்னேன். கேட்கக் கேட்கச் சந்தோசமாக இருந்தது. இவ்வளவு கேள்விகளையும் இந்த மனுசி எப்படி நாலு மாதம் தொண்டைக்குள் வைத்திருந்தார் என்று நினைக்கத்தான் பாவமாக இருந்தது.

குழாய் நின்றது. தோசைக்கல்லில் மா விழும் சத்தம் கேட்டது. தோடம்பழ வாசம் ஹோலுக்கு வந்தது. அன்ரி முதல் தட்டைக் கொண்டுவந்து அம்மாவின் மடிக்குப் பக்கத்தில் வைத்தார். தோசைக்கல்லின் நல்லெண்ணெய் மணமும் சேர்ந்து, அது பான்கேக்கா தோசையா என்று தெரியாத ஒரு சாமானாக வந்திருந்தது. ஆனால் பஞ்சு போலப் பொங்கியிருந்தது. "முட்ட இல்ல. சூடா இருக்கு" என்றார். எங்கள் இரண்டு பேருடைய வீங்கிய கண்களையும் அவர் பார்த்திருப்பார். உள்ளே போய் அடுத்ததை ஊற்றினார்.

அம்மா ஒன்றைப் பிய்த்து என் வாயில் வைத்தார். தானும் சாப்பிட்டார். பாதியில் ஏதோ நினைத்தவராக நிறுத்தி, "போனை எடு" என்றார். பாணி ஒட்டிய விரலால் அவரே இலக்கத்தைத் தேடி அழுத்தினார். மறுமுனையில் பெரியம்மா பிறந்தநாள் வாழ்த்தைத் தொடங்கியதும், தொடர்ந்து கேள்விகள் வரத் தொடங்கியதும் எனக்கே கேட்டது. அம்மா நிமிர்ந்து இருந்தார்.

"இரு, இரு. ஒண்டும் கேட்காதையக்கா. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் என்ரை வாயாலை நான் சொல்லுறன், நீ கேள். பிள்ளை அவனை விட்டிட்டு வந்திட்டாள். ஓம், ஒரேயடியா வந்திட்டாள். நல்ல வேலை செய்தாள்."